கோப்பு சுமக்கும் நேரம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் வீட்டார் ஒரு சிறுநூல் வெளியிடுவார்கள். கல்வெட்டு என்போம். மறைந்தவரின் படம், வம்ச வரலாறு, ஊர்க் கோவிலின் பதிகம், தேவார திருவாசகம், நன்றி நவிலல். கடைகளில் கிடைக்காத, மறுபதிப்புக் காணாத அந்தச் சிறுநூல்களையும், கோவில் மலர்களையும், நின்றுபோன சஞ்சிகைகளையும் 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் பொறுமையாகத் திரட்டி இணையத்தில் வைத்து வருகிறது. பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து கோப்பாக்கும் அந்தப் பணியின் அருமையைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். இங்கே நான் பார்க்க அழைப்பது அந்தப் பக்கத்தை அல்ல. எந்தப் பக்கமும் கோப்பாகும்போது அதன் ஓரத்தில் யாரும் கவனியாமல் வந்து அமரும் ஒரு சிறு குறிப்பை.

லினக்ஸ் கணினியொன்றில் கோப்பின் பெயரைக் கொடுத்து ‘ஸ்டாட்’ என்று கேளுங்கள். நான்கு வரி நேரம் வரும்: கடைசியாக வாசித்த நேரம், உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், கோப்பின் நிலை கடைசியாக மாறிய நேரம், பிறந்த நேரம். முதல் மூன்றையும் கணினிக்காரர் ஏடைம், எம்டைம், சிடைம் என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வரியிலும் திகதி, மணி, நிமிடம், செக்கன். செக்கனுக்குப் பின் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின் ஒன்பது இலக்கங்கள். வரியின் முடிவில் கூட்டல் குறியோடு 0530. ஒரு செக்கனை நூறு கோடிக் கூறாக நறுக்கி வைத்துவிட்டு, கடைசியில் நம்மூர் நேரத்தையும் சொல்லி முடிக்கும் இந்த வரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

முதலில் அது குடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். லினக்ஸ் கணினிகளில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு நேரத்துக்குக் கிடைப்பது எட்டே எட்டுப் பைற். முதல் நான்கு பைற்றில் செக்கன்கள்: 1970 ஜனவரி 1 கிரீனிச் நள்ளிரவிலிருந்து எண்ணி வந்த எண்ணிக்கை. அந்த நான்கு பைற்றுக்கு ஓர் எல்லை உண்டு. 2038 ஜனவரி 19 காலை, யாழ்ப்பாணக் கடிகாரம் 8 மணி 44 நிமிடம் 7 செக்கன் காட்டும்போது அது நிரம்பிவிடும். அடுத்த நான்கு பைற் நனோசெக்கனுக்கு. நூறு கோடி வரை எண்ண முப்பது பிற் போதும். நான்கு பைற்றில் இருப்பதோ முப்பத்திரண்டு. மிஞ்சிய அந்த இரண்டு பிற்றை வீணாக விட இதைச் செய்தவர்களுக்கு மனம் வரவில்லை. செக்கன் எண்ணிக்கையின் தலைப்பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினார்கள். 2038 இல் முடிய வேண்டிய காலம் 2446 வரை நீண்டது. இரண்டு பிற்றில் நான்கு நூற்றாண்டு. இத்தனை நேர்த்தியான சிக்கனத்தைச் செய்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கிடக்கிறது அந்த எட்டுப் பைற்.

அடுத்து அந்தக் கூட்டல் 0530. வட்டில் அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் அதன் எழில். வட்டில் இருப்பது செக்கன் எண்ணிக்கை மட்டும். ஊர் நேரம், வாசிக்கக் கேட்பவரின் கணினியில் அந்தக் கணத்தில் கூட்டப்படுவது. ஆசியா/கொழும்பு என்ற பெயரில் உலக நேரவலயத் தரவுத்தளத்தில் நமக்கென்று சில வரிகள் இருக்கின்றன. அந்த வரிகளில் நம் அண்மைக் கால வரலாறு அடங்கிக் கிடக்கிறது. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. பிறகு பத்தாண்டு அப்படியே ஓடி, 2006 ஏப்ரல் 15 இல் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டும் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே புழங்கியது. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து முகமாலைச் சோதனைச் சாவடி தாண்டிப் போனவர், வரும்போதும் போகும்போதும் அரை மணித்தியாலத்தை இழந்தும் பெற்றும் நடந்தார்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கிளிநொச்சியில் ஒருவரும் ஒரே கணத்தில் ஆளுக்கொரு கோப்பைச் சேமித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் கணினியும் தத்தம் ஊர் நேரத்தைச் சரியாக அறிந்தவை. இங்கே சுவர்க் கடிகாரம் பத்து மணி, அங்கே ஒன்பதரை. இரண்டு வட்டிலும் எழுதப்பட்டதோ ஒரே எண். சோதனைச் சாவடி எதுவும் அந்த எண்ணைத் தொடவில்லை.

இன்னும் நுணுகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2006 ஏப்ரல் 15 இன் அந்த இரவு இருக்கிறது. நள்ளிரவு கடந்து முப்பது நிமிடம் ஆனதும் கடிகாரம் மறுபடி பன்னிரண்டுக்குப் போனது. அந்த அரை மணித்தியாலத்தை யாழ்ப்பாணம் இரண்டு முறை வாழ்ந்தது. முதல் பன்னிரண்டு பத்துக்குச் சேமித்த கோப்பின் எண் 1145038200. இரண்டாம் பன்னிரண்டு பத்துக்குச் சேமித்ததன் எண் 1145040000. சுவர்க் கடிகாரம் இரண்டையும் ஒன்றென்று சொல்லும். வட்டு, இடையில் 1800 செக்கன் போயிருக்கிறது என்று நிதானமாகச் சொல்லும். கமெராவின் மெமரி கார்டில் வழங்கிவந்த பழைய ஃபாட் முறைக்கு இந்த நிதானம் கிடையாது. அது சுவர்க் கடிகாரத்தையே எழுதி வைக்கும், அதுவும் இரண்டு செக்கனுக்கு ஒரு படியாக. ஊர் நேரம் அரை மணித்தியாலம் அசைந்தால், ஃபாட்டில் உள்ள எல்லாக் கோப்பும் ஒரே இரவில் மாறிவிட்டதைப் போல, நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நகலெடுக்கும் மென்பொருளுக்குத் தோன்றும். ஓர் எழுத்தும் மாறாமல் எல்லாம் மறுபடி நகலாகத் தொடங்கும்.

நேரம் என்பது பார்த்து மகிழ மட்டும் வைத்த குறிப்பல்ல என்பது இங்கே தெரிய வருகிறது. அதை நம்பி வேறு யாரோ முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுகளில் மிக அழகானது, வலையமைப்பின் மறுமுனையில் இருக்கும் வட்டை வாசிக்கும்போது எடுக்கப்படுவது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை எண்ணிக் கொள்ளுங்கள். தாய் வளாகம் திருநெல்வேலியில். பொறியியற் பீடம் அறுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, கிளிநொச்சி அறிவியல் நகரில். திருநெல்வேலியில் ஒரு சேர்வர், அதில் பழைய நூலொன்றின் ஸ்கான்கள், அறிவியல் நகரிலிருந்து ஒரு மாணவி அவற்றைத் திறக்கிறாள் என்று ஒரு கற்பனை. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் சுமார் 26 மெகாபைற். செக்கனுக்குப் பத்து மெகாபிற் கொண்டுவரும் இணைப்பில் அது வந்து சேர இருபது செக்கனுக்கு மேலாகும். ஒருமுறை வந்துவிட்டால் அவளுடைய கணினி அதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இந்தக் கைவசச் சேமிப்பைத்தான் கேஷ் என்கிறோம். நாளை அதே பக்கத்தை அவள் திறக்கும்போது கணினிக்கு ஒரேயொரு கேள்விதான்: என்னிடம் இருப்பது இன்னும் அங்கே இருப்பதுதானா?

1984 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்எஃப்எஸ் இந்தக் கேள்விக்குக் கண்ட விடை என்னை எப்போதும் வசீகரிப்பது. பக்கத்தைத் திறந்து ஒப்பிட வேண்டியதில்லை. கோப்பின் குணங்களை மட்டும் அனுப்பு என்று சேர்வரைக் கேட்டால் போதும். 1995 இல் வெளியான மூன்றாம் பதிப்பில் அந்தக் குணங்களின் முழுத் தொகுப்பு எண்பத்து நான்கு பைற். அதில் மாறிய நேரத்துக்கு எட்டுப் பைற். அந்த எட்டுப் பைற்றும் கோப்பின் அளவும் தன்னிடம் உள்ளவற்றோடு பொருந்தினால், கணினி 26 மெகாபைற்றையும் தன் கையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இரண்டு கோடியே அறுபது இலட்சம் பைற்றுக்கு எட்டுப் பைற் சாட்சி நிற்கிறது. அறுபது கிலோமீற்றர் கண்ணாடி இழையை ஒளி கடக்க ஒரு மில்லிசெக்கனில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். கேள்வி போய், விடை வந்து, பக்கம் விரிகிறது.

அந்தச் சின்னக் கேள்வியைக் கூட அடிக்கடி கேட்கக் கூச்சப்படுகிறது லினக்ஸ். ஒருமுறை கேட்டறிந்த நேரத்தை மூன்று செக்கன் வரை மறுபடி கேளாமல் நம்பும். கோப்பைப் புதிதாகத் திறப்பவர் வந்தால் மட்டும் கேட்டே ஆகும். மூன்று செக்கன் கழித்துக் கேட்டபோதும் கோப்பு மாறவில்லையென்றால் அடுத்து ஆறு செக்கன் நம்பும். பிறகு பன்னிரண்டு, இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு, கடைசியில் அறுபது. அதற்கு மேல் போவதில்லை. இடையில் கோப்பு ஒருமுறை மாறிவிட்டால் மறுபடி மூன்றிலிருந்து தொடங்கும். அசையாமல் இருக்கும் கோப்பு மெல்ல மெல்ல நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது. ஆவணகத்துக் கோப்புகளின் இயல்போடு இது எவ்வளவு இசைந்து போகிறது பாருங்கள். ஒருமுறை ஸ்கான் செய்த கல்வெட்டு பிறகு மாறப்போவதில்லை. எழுதியது ஒருமுறை, வாசிப்பது பலமுறை. அதன் எம்டைம் நிலைத்து நிற்கும் வரை உலகத்தின் எந்த மூலையிலும் அதன் கைவசப் பிரதி செல்லுபடியாகும்.

ஏடைமின் கதை வேறு. அதுதான் இந்த நால்வரில் மிக மென்மையானது என்பேன். நூலகத்து நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில், எடுத்துப் போகிறவருக்கெல்லாம் ஒரு திகதி முத்திரை விழுமே, அந்த முத்திரைதான் ஏடைம். ஒரு வித்தியாசம்: இது கடைசி முத்திரையை மட்டுமே வைத்திருக்கும், முந்தியதை அழித்துவிட்டு எழுதும். 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களோடு, அவற்றை யார் யார் எடுத்து வாசித்தார்கள் என்ற தடமும் போனது. வாசிக்கப்பட்டது என்ற செய்திக்கு மதிப்பு உண்டு என்று நினைத்த யூனிக்ஸ் காலத்து மனிதர்கள்மீது அதனால்தான் எனக்கு அன்பு. கோப்புக்குள் எதையும் மாற்றாமல் வாசித்துவிட்டு மட்டும் போனவரையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்.

ஆனால் அந்த அன்புக்கு ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு வாசிப்பும் ஓர் எழுத்தாகிவிடுகிறது. எட்டுப் பைற் நேரத்தை மாற்ற, அது இருக்கும் 4096 பைற் கட்டம் முழுவதும் வட்டுக்குப் போக வேண்டும். ஒரு கட்டத்தில் எக்ஸ்ட்4 கோப்புகள் பதினாறின் குறிப்புகள் சேர்ந்து இருக்கும். ஐயாயிரம் பக்கச் சிறுபடங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால், எதையும் எழுதாத ஒருவருக்காகச் சேர்வரின் வட்டு எழுதிக்கொண்டே இருக்கும். நினைவகத்தில் வாசிப்புக்கென்று இருந்த இடமும், வட்டுக்குப் போகக் காத்திருக்கும் எழுத்துகளுக்கான இடமும் இந்தச் சின்ன நேரங்களால் நிரம்பும். 2007 இல் லினக்ஸ் எழுதுபவர்களிடையே இதைப் பற்றி நீண்ட வாதம் நடந்தது. ஏடைமையே நிறுத்திவிடலாம் என்பவர் ஒரு பக்கம். அதை நம்பி வாழும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்பவர் மறுபக்கம். மைக்ரோசொஃப்ட் விஸ்டாவில் அதை இயல்பாகவே நிறுத்தி வைத்தது.

வலரி அரோரா எழுதிய ரெலடைம் இந்த இரு பக்கத்துக்கும் நடுவே மலர்ந்த பூ. அதன் விதியை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கோப்பு கடைசியாக மாறியபின் அதை யாரும் வாசிக்கவில்லையென்றால் இந்த வாசிப்பை எழுது. மாறியபின் ஒருமுறை வாசித்தாயிற்று என்றால் அடுத்தடுத்த வாசிப்புகளை எழுதாதே. மடல் வாசிக்கும் பழைய மென்பொருள்களுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். பெட்டி மாறிய நேரம் வாசித்த நேரத்தைவிடப் பிந்தியதா, அப்படியானால் புது மடல் உண்டு. நாள் கணக்கில் பார்ப்பவர்களுக்காக மத்தியூ கரெற் இன்னொரு கண்ணியம் சேர்த்தார். கடைசியாக எழுதிய ஏடைம் 24 மணித்தியாலத்துக்கு முந்தியதானால் அப்போதும் எழுது. 2009 ஜூனில் வந்த 2.6.30 பதிப்பிலிருந்து லினக்ஸில் இதுவே வழக்கம். எதை எழுதாமல் விடலாம் என்று இத்தனை பரிவோடு யோசித்த விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2015 இல் தியடோர் சோ கொண்டுவந்த லேசிடைம் இன்னும் ஒரு படி போகிறது. எல்லா நேரத்தையும் நினைவகத்தில் துல்லியமாகக் குறித்துக்கொண்டு, வேறு காரணத்துக்காக அந்தக் கட்டத்தை எழுத நேரும்போது கூடச் சேர்த்து எழுதும். இல்லையேல் ஒரு நாள் வரை பொறுத்திருக்கும். அதுவும் அழகுதான். என் மனம் ரெலடைமின் பக்கமே சாய்கிறது. கேட்கப்படும் கேள்விக்குத் தேவையான அளவு மட்டும் அது பேசுகிறது.

இந்த இடத்தில்தான் ஏடைமும் வலையமைப்புக் கேஷும் சந்திக்கின்றன. என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பு, கோப்பு மாறியதா என்று அறிய நேரத்தை மட்டும் நம்பாமல் ‘மாற்ற எண்’ என்று ஒன்றை வைத்தது. கோப்பு மாறும்போதெல்லாம் அந்த எண் மாறும். எண் மாறினால் கைவசப் பிரதியைக் கைவிட வேண்டும். எக்ஸ்ட்4 இந்த எண்ணை ஏடைம் மாறும்போதும் கூட்டிவந்தது. விளைவை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலியில் சேர்வருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு பக்கத்தை வாசிக்கிறார். வாசித்தார் என்ற குறிப்பு விழுகிறது. மாற்ற எண் ஒன்று கூடுகிறது. அறிவியல் நகரில் மாணவியின் கணினி, கோப்பு மாறிவிட்டது என்று எண்ணித் தன் கையிலுள்ள 26 மெகாபைற்றை எறிந்துவிட்டு மறுபடி முழுவதையும் வரவழைக்கிறது. வந்து சேர்வதோ அதே பக்கம், ஓர் எழுத்தும் மாறாமல். ஒருவரின் வாசிப்பு இன்னொருவரின் வாசிப்பைக் கலைக்கிறது. ரெலடைமின் தயவால் இது பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைக்கு மேல் நேராது. ஆனாலும் நேர்ந்தது. 2022 இல் ஜெஃப் லேற்றன் எக்ஸ்ட்4 இல் இதைத் திருத்தினார். வாசிப்பைக் குறிப்பதற்காக மாற்ற எண்ணைக் கூட்டக் கூடாது. திருத்தம் சிறியது. வாசிப்பு என்பது மாற்றம் அல்ல என்ற தெளிவை மீட்டுத் தந்ததால் அது எனக்குப் பெரியது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மாணவி தன் கைவசப் பிரதியிலிருந்து எத்தனை முறை வாசித்தாலும் அந்த வாசிப்பு சேர்வருக்குப் போவதில்லை. சேர்வரில் ஏடைம் அசையாது. அவளுடைய கணினியில் என்எஃப்எஸ் வட்டை இணைக்கும்போது, ஏடைமை நிறுத்தும் நோஏடைம், ரெலடைம் என்று எதைக் கொடுத்தாலும் அங்கே அவற்றுக்கு வேலை இல்லை. குறிப்பதும் விடுவதும் சேர்வரின் பொறுப்பு. ஆகவே அதிகம் வாசிக்கப்படும் பக்கம் சேர்வரின் பார்வைக்கு யாரும் தொடாத பக்கமாகத் தோன்றக் கூடும். ஆவணகங்களைப் பார்த்துக்கொள்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு ஆண்டாக யாரும் வாசிக்கவில்லை என்று ஏடைமைக் காட்டி ஒரு தொகுப்பை ஒதுக்காதீர்கள். தொலைவில் இருந்து வாசிப்பவர்கள் அங்கே தங்கள் முத்திரையை விடுவதில்லை.

அப்படியானால் ஏடைமுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, நாம் எதிர்பாராத இடத்தில். டேவிட் ஹவல்ஸ் எழுதிய கேஷ்ஃபைல்ஸ், தொலைவில் உள்ள கோப்புகளை நினைவகத்தில் மட்டுமல்லாமல் இங்குள்ள வட்டிலும் வைத்துக்கொள்கிறது. கணினியை அணைத்துப் போட்டாலும் பிரதி அழிவதில்லை. மின்சாரம் வருவதையும் போவதையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு இதன் அருமை தெரியும். சேமித்த ஒவ்வொரு பிரதியின் இடுப்பிலும், சேர்வரில் அந்தக் கோப்பு அப்போது காட்டிய மாறிய நேரம் முடிச்சிட்டு வைக்கப்படுகிறது. அடுத்த முறை அதைக் கொண்டுதான் பிரதி இன்னும் செல்லுமா என்று பார்ப்பது. வட்டில் இடம் குறைந்து எதையாவது விட்டுவிட வேண்டி வந்தால், எதை விடுவது என்று அது தன் வட்டின் ஏடைமைக் கேட்கிறது. நெடுநாள் தொடப்படாதது முதலில் போகிறது. ஒரே பிரதியில் இரண்டு நேரம்: தொலைவிலிருந்து வந்த எம்டைம் அது உண்மையானதா என்று சொல்கிறது; இங்கே பிறந்த ஏடைம் அது வேண்டப்படுகிறதா என்று சொல்கிறது. ரெலடைம் வழக்கமான அதே 2.6.30 பதிப்பில்தான் கேஷ்ஃபைல்ஸும் லினக்ஸுக்குள் வந்தது. ஏடைமின் பேச்சைக் குறைத்த அதே மாதத்தில் அதற்கு ஒரு நல்ல வேலையும் கிடைத்தது என்று நினைக்கையில் ஒரு மகிழ்ச்சி.

கடைசியாக ஒரு நுணுக்கம், இதுவரை சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டாட் காட்டும் அந்த ஒன்பது இலக்கங்களை நம்பி ஒரு செக்கனின் நூறு கோடிக் கூறு வரை கணினி அளந்தது என்று எண்ணினோம். நீண்ட காலம் அப்படி இல்லை. கோப்புகளுக்கு நேரம் எழுதுவதற்கென்று லினக்ஸ் ஒரு சோம்பலான கடிகாரத்தைப் பார்க்கும். பல கணினிகளில் அது நான்கு மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் அசையும். அந்த இடைவெளிக்குள் ஒரு கோப்பு இருமுறை மாறினால் இரண்டுக்கும் ஒரே நேரம் விழும். முதல் மாற்றத்தைப் பார்த்துவிட்டுப் போன தொலைவுக் கணினி, இரண்டாவது மாற்றத்தை அறியாமல் பழைய பிரதியையே உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும். எக்ஸ்ட்4க்கு முந்திய எக்ஸ்ட்3 காலத்தில் இந்த இடைவெளி ஒரு முழுச் செக்கன். சரி, எல்லா மாற்றத்துக்கும் நுட்பமான நேரத்தையே எழுதினால் என்ன? ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் மாறும், ஒவ்வொரு நேரத்தையும் வட்டுக்கு அனுப்ப வேண்டும், வேலை பெருகும்.

2025 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 6.13 பதிப்பு இதற்குக் கண்ட வழியை வாசித்தபோது எழுந்து நடந்தேன். கோப்பின் நேரத்தை யாராவது கேட்டார்களா என்று ஒரு சின்ன அடையாளம் வைத்துக்கொள்கிறது. கடைசி மாற்றத்துக்குப் பின் யாரும் கேட்கவில்லையென்றால் சோம்பல் கடிகாரமே போதும், எவ்வளவு மாறினாலும் பாதகமில்லை. யாராவது கேட்டுப் போயிருந்தால், அடுத்த மாற்றத்துக்கு நனோசெக்கன் வரை நுட்பமான நேரத்தை எழுது. கேட்டுப் போனவர் திரும்பி வந்து ஒப்பிடும்போது வேறுபாடு கட்டாயம் தெரியும். பார்ப்பவர் இருக்கும் இடத்தில் மட்டும் நுட்பம். இல்லாத இடத்தில் ஓய்வு. இதற்கும் முன்னின்றவர் அதே ஜெஃப் லேற்றன்தான். முதலில் ஒருமுறை சேர்த்து, பொருந்தாமல் திரும்ப எடுத்து, மறுபடி செதுக்கி வைத்த வேலை இது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிரிஎஃப்எஸ் ஆகிய மூன்று கோப்பு முறைகளும் இன்று இந்த முறையில் நேரம் எழுதுகின்றன.

இதுவரை விட்டுப்போன சிடைமைப் பற்றியும் சில வரிகள். ஏடைமையும் எம்டைமையும் ‘டச்’ என்ற கட்டளையால் நாம் விரும்பிய திகதிக்கு மாற்றலாம். சிடைமை மாற்ற அப்படியொரு கட்டளை இல்லை. மற்ற இரண்டையும் மாற்றினால் அந்தக் கணத்தைச் சிடைம் தானே குறித்துக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்தபின் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தாவின் கடிதங்களோ, ஊர்ச் சனசமூக நிலையத்தின் பழைய மலர்களோ ஸ்கான் செய்து வைத்திருப்பீர்கள். வெளிநாட்டில் உள்ள உறவுக்கு அனுப்ப, புது வட்டுக்கு மாற்ற, ஆவணகத்துக்குக் கொடுக்க என்று அவற்றை நகர்த்தும் நாள் வரும். அப்போது வெறுமனே நகல் எடுத்தால் எல்லாக் கோப்பும் அன்றுதான் பிறந்தவைபோல் அன்றைய நேரத்தைச் சூடிக்கொள்ளும். ஸ்கான் செய்த நாள் தொலையும். அடுத்த முறை ஒப்பிடும் மென்பொருள் எல்லாம் மாறிவிட்டதாக எண்ணி அனைத்தையும் மறுபடி எழுதும், எங்கெங்கோ பத்திரமாக இருந்த கைவசப் பிரதிகள் வீணாகும். லினக்ஸில் ‘சிபி’ கட்டளைக்கு ‘-பி’ சேருங்கள். அன்ட்ரூ ட்ரிஜலும் போல் மெக்கராசும் 1996 இல் தந்த ‘ஆர்சிங்க்’ என்றால் ‘-ஏ’ சேருங்கள். மாறிய நேரம் கோப்போடு கூடவே போய்ச் சேரும்.